இரட்டைப் பிள்ளைகள் வந்த வீட்டில் மூத்தவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாமா?

சிப்புட் அப்பா கேட்டது:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து இன்றோடு 24 நாள். முதலில் பெண், பிறகு ஆண். 36 வாரத்திலேயே வந்துவிட்டார்கள். பெண் 2.2 கிலோ, ஆண் 1.9 கிலோ. பெண்ணை மூன்றாம் நாளே அம்மாவோடு வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சின்னவன் ஈப்போவில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தான். அவனுக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைவு என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளும் கொடுத்தார்கள். மூத்தவளுக்கு இரண்டு வயது நாலு மாதம்.

எனக்கு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, குலைகளை நீராவியில் வேகவைக்கும் இடத்தில். 2023 ஜனவரியிலிருந்து அப்பாக்களுக்குச் சட்டப்படி 7 நாள் விடுப்பு உண்டு. அதோடு வருட லீவில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து எடுத்தேன். வரும் திங்கட்கிழமை வேலைக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது காய் அதிகம் வரும் நேரம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால் ஆலை நிற்காது. ஒரு வாரம் பகல் 7 முதல் இரவு 7 வரை, அடுத்த வாரம் அப்படியே மாறும். என் மாமியார் முப்பதாம் நாள் முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

எங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பெண் நன்றாகச் சப்புகிறாள், இருபது நிமிடத்தில் முடித்துவிடுவாள். சின்னவன் ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறான். காதைத் தடவி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பி, என் மனைவி பீய்ச்சி வைத்த பாலைப் போத்தலில் கொடுப்பேன். அது போதாதபோது பால்மாவு. 50 மில்லி உள்ளே இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அவன் முடிப்பதற்குள் அவள் மறுபடியும் வாயைத் திறந்துவிடுவாள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன் என்று மணி, அளவு, ஈரம் எல்லாம் எழுதி வைக்கிறேன். அது இல்லாவிட்டால் விடியற்காலை நாலு மணிக்கு யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது. முந்தாநாள் சின்னவனை நெஞ்சில் போட்டபடி நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். மனைவி வந்து எழுப்பினாள்.

இந்த ஓட்டத்தில் மூத்தவள்தான் கைவிடப்பட்டதுபோல் ஆகிவிட்டாள். போத்தலை மறந்து ஆறு மாதம் ஆனவள், இப்போது நடுராத்திரியில் தலையணையை இழுத்துக்கொண்டு வந்து "அப்பா, எனக்கும் போத்தல்" என்று நிற்கிறாள். அவளுடைய பழைய சட்டைகளை அத்தை பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டார். வீடெல்லாம் பாச்சை உருண்டை வாசம். மூத்தவள் ஓடி வந்து, "என் சட்டை, கழட்டு" என்று சின்னவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

போன வியாழக்கிழமை நடந்தது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பகல் இரண்டு மணி. மனைவி குளிக்கப் போயிருந்தாள், அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், நான் கொதிக்கும் தண்ணீரிலிருந்து போத்தல்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் அழுத சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. அப்படி நின்றது சரியில்லை என்று தோன்றி ஓடினேன். மூத்தவள் பாயில் மண்டியிட்டு, மாரி பிஸ்கட் துண்டு ஒன்றை அவன் வாயில் வைத்து விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்குப் பசிக்குதுப்பா" என்றாள். துண்டு உதட்டுக்கு உள்ளே தெரிந்தது, எடுத்துவிட்டேன். அப்புறம் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. கையில் மிச்சமிருந்த பிஸ்கட்டை என் பக்கம் நீட்டினாள்.

என் அம்மா குளுவாங்கில் தம்பி வீட்டில் இருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து, "மூத்தவளைக் கொண்டுவந்து விடு, இவங்க தவழ்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, "உங்க இஷ்டம்" என்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மூன்று பிள்ளைகளோடு அவள் தனியாக இருப்பதை நினைத்தால் அம்மா சொல்வது சரியாகப் படுகிறது. மூத்தவள் தூங்கும்போது பார்த்தால் முடியாது என்று தோன்றுகிறது. இப்படி அனுப்பியவர்கள், அனுப்பாமல் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கம்பார் அக்கா:

தம்பி, நான் அனுப்பப்பட்ட பிள்ளை. அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

1974-இல் எனக்கு மூன்று வயது. அம்மாவுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள். அப்பாவுக்கு ஈயச் சுரங்கத்தில் வேலை. மூன்று மாதம் என்று சொல்லி, பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த பாட்டியிடம் விட்டார்கள். பாட்டி பால்மரம் வெட்டுகிறவர். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும், அதனால் இருட்டிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விடுவார். மேலே உத்திரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். பெரிய பிள்ளைகள் நாங்கள் கீழே சாக்கில் படுத்து, ஆடுகிற தொட்டில்களைப் பார்த்துக்கொண்டு இருப்போம். பாட்டியின் உடம்பிலிருந்து வரும் ரப்பர் பால் வாடைதான் எனக்கு இன்றைக்கும் அம்மா வாடை.

அப்பா மாதம் ஒரு தடவை வருவார். முதல் இரண்டு தடவை அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேனாம். மூன்றாவது தடவை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அது எனக்கே நினைவிருக்கிறது. மூன்று மாதம் என்றது ஒன்றாம் வகுப்பு வரைக்கும் நீண்டது. தம்பிகளுக்குக் காய்ச்சல், அப்புறம் பாட்டிக்கு என்னை விட மனமில்லை, அப்புறம் வீட்டில் இடமில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். திரும்பி வந்தபோது அம்மாவை நான் "அத்தை" என்று கூப்பிட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பாட்டி என்னைக் கண்ணாக வளர்த்தார். ஆனால் உங்கள் மகள் பிஸ்கட்டை உங்களிடம் நீட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து நான் அழுதேன். தம்பிக்குப் பசிக்கிறது என்று தன்னிடம் இருந்ததைக் கொடுத்த பிள்ளை அவள். அதற்காகவே வீட்டைவிட்டு அனுப்பப்பட்டதாக அவள் மனதில் பதிந்துவிடக் கூடாது. பாட்டிதான் உதவ வேண்டும் என்றால், பாட்டி பஸ் ஏறி வரட்டுமே.

---

பந்திங் இரட்டையர் அப்பா:

வணக்கம் பிரதர். என் இரட்டையருக்கு இப்போது ஆறு வயது. அவர்கள் பிறந்தபோது மூத்தவனுக்கு மூன்று. நானும் ஷிப்டு வேலைதான்.

முதலில், இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று எழுந்தால் மற்றதையும் எழுப்புங்கள், தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னாலும் பரவாயில்லை. என் மனைவி கட்டிலில் சுவரில் சாய்ந்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, ஆளுக்கு ஒரு கக்கத்துக்குக் கீழே கால்கள் பின்னால் போகும்படி பிடித்து இருவருக்கும் சேர்த்துப் பால் கொடுப்பாள். பழக ஒரு வாரம் ஆனது. பழகியபின் இரண்டு பாலுக்கு நடுவில் ஒன்றே கால் மணி நேரம் கிடைத்தது. உங்கள் சின்னவன் இன்னும் கொஞ்சம் எடை போட்டால் அவனாலும் முடியும்.

இரவைப் பங்கு போடுங்கள். இருவரும் சேர்ந்து விழித்தால் இருவரும் சாகிறோம். பகல் ஷிப்டு வாரத்தில் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நீங்கள், அந்த நாலு மணி நேரம் அவர் வேறு அறையில் கதவைச் சாத்தித் தூங்கட்டும். ஒரு மணிக்கு மேல் அவர், நீங்கள் ஐந்தரை வரை தூங்குங்கள். கொதிக்கும் நீராவிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் தூக்கக் கலக்கத்தோடு போகக் கூடாது.

அப்புறம், வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுங்கள். விடுப்பு வந்த அதே 2023 ஜனவரியில் இதற்கும் சட்டத்தில் வழி வந்தது. நீங்கள் எழுத்தில் விண்ணப்பித்தால், அவர்கள் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் 60 நாள் உங்களுக்கு ரொம்ப நீளம். அதனால் கடிதம் கொடுக்கும் அன்றைக்கே ஃபோர்மேனிடம் நேரில் பேசுங்கள். நான் பேசினேன், இரண்டு மாதம் இரவு ஷிப்டு இல்லாமல் விட்டார்கள். பேசாமல் இருந்திருந்தால் யாரும் தானாகக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மூத்தவளுக்கு வேலை கொடுங்கள், உண்மையான வேலை. என் மகன்தான் பேம்பர்ஸ் அமைச்சர். நான் "ரெண்டு" என்று விரல் காட்டினால் ஓடிப்போய் எடுத்து வருவான். தினமும் ஒரு அரை மணி நேரம் அவளுக்கே அவளுக்கு என்று ஒதுக்குங்கள், கைக்குழந்தை கையில் இல்லாமல். நாங்கள் தினமும் சாயங்காலம் கோயில் வரைக்கும் நடந்து போய், வாசலில் உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தைப் பாதி பாதியாகத் தின்றுவிட்டு வருவோம். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ராத்திரி எழுந்து வருவதை நிறுத்திவிட்டான்.

பிறப்புப் பதிவு செய்துவிட்டீர்களா? 60 நாள்தான் தவணை. நல்ல எழுத்து பார்த்துப் பெயர் வைப்பதற்குள் நாள் ஓடிவிடும்.

---

தைப்பிங் மருமகள்:

ஒரு மாற்றுக் கருத்து. எங்களுக்கு இரட்டையர் பிறந்தபோது மூத்தவனை ஆறு வாரம் என் அம்மாவிடம் விட்டோம், அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அம்மா வீடு காரில் பதினைந்து நிமிடம். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு அவர் அவனைக் கூட்டிவருவார். குளுவாங் என்றால் நானும் அனுப்பமாட்டேன்.

---

பழைய மிஸ்ஸி:

தம்பி, 31 வருடம் கிராமத்து கிளினிக்குகளில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூத்தவளைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

பாச்சை உருண்டை வாசம் என்கிறீர்கள். சின்னவனுக்கு ஜி6பிடி குறைவு என்கிறீர்கள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. அந்த உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன், இந்தக் குறை உள்ள பிள்ளையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தம் குறையும், மஞ்சள் திடீரென்று ஏறும். மோந்தாலே போதும், வாயில் போட வேண்டும் என்றில்லை. இன்றைக்கே அந்தச் சட்டைகளைக் கழற்றுங்கள், பெட்டியையும் உருண்டைகளையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். போர்வை, தொட்டில் துணி எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் சின்னவனின் கண் வெள்ளையையும் நெஞ்சையும் பாருங்கள். மஞ்சளாக இருந்தாலோ, ஆள் வெளுத்துப்போய் இருந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் இருந்தாலோ நாளைக்கு என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் காலையில் கிளினிக்கில் காட்டிவிடுங்கள், அவன் அந்தச் சட்டையைப் போட்டிருந்தான். மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்திருந்தால் அதுவும் இரண்டு பேருக்குமே உடனே காட்ட வேண்டிய விஷயம். மஞ்சளுக்கு வெயிலில் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உடம்பில் தைலம், கற்பூரம் தடவுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், குறைமாத நுரையீரல். நாக்கில் தேன் தடவக் கூடாது, ஒரு வயது வரை. பால்மாவைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்காதீர்கள். தண்ணீர் கொதித்து அரை மணி நேரத்துக்குள், அது இன்னும் 70 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே கரைத்து, அப்புறம் போத்தலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றிக் கொடுங்கள்.

பிஸ்கட் விஷயம். கண்ணுக்குத் தெரிந்த துண்டை எடுத்தது சரி. தெரியாவிட்டால் விரலை விட்டுத் தேடக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். பிள்ளை மூச்சுத் திணறினால் உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழாகச் சரியும்படி தாடையைப் பிடித்து, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் 999 கூப்பிடட்டும். உங்கள் மனைவிக்கும் மாமியாருக்கும் ஒரு பொம்மையில் செய்து காட்டிவிடுங்கள்.

நாற்காலியில் பிள்ளையை நெஞ்சில் போட்டுத் தூங்கியது ஆபத்து. கண் சொருகினால் உடனே பிள்ளையை மல்லாக்க அதன் இடத்தில் போடுங்கள். ஆனால் விழித்திருக்கும்போது சட்டையில்லாமல் அவனை நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டு, மேலே சாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. இன்றைக்கு உலகமெங்கும் செய்கிறார்கள். அப்பாவும் செய்யலாம், எடை நன்றாகக் கூடும். மூத்தவளையும் பக்கத்தில் உட்கார வைத்து அதே சாரத்தின் ஒரு முனையை அவள் மேல் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதிய நீங்கள் உங்கள் மனைவியைப் பற்றி "உங்க இஷ்டம் என்கிறாள்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைத் தூரமாக அனுப்புவதற்கு ஒரு தாய் ஒன்றுமே சொல்லவில்லை என்றால், அது சம்மதமாக இருக்காது. சாப்பிடுகிறாரா? பிள்ளைகள் தூங்கும்போது அவருக்குத் தூக்கம் வருகிறதா? காரணம் இல்லாமல் அழுகிறாரா? கேளுங்கள். ஆமாம் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

---

சிப்புட் அப்பா:

மிஸ்ஸி, உங்கள் பதிலைப் படித்த அடுத்த நிமிடம் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். "உபாட் கெகாட்", அதாவது பாச்சை உருண்டை, கூடாது என்று மலாயில் தெளிவாக எழுதியிருக்கிறது. அன்றைக்கே படித்ததுதான். புதிதாக வாங்கக் கூடாது என்று மட்டும் மனதில் வைத்திருந்தேன். வீட்டுப் பெட்டிக்குள் அத்தனை நாளாக இருந்தது நினைவுக்கே வரவில்லை. கண் லேசாக மஞ்சளாகப் பட்டதால் காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அளவு கொஞ்சம் கூடுதல், விளக்கில் வைக்க வேண்டியதில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோது இறங்கிவிட்டது. இப்போது சின்னவன் 2.3 கிலோ.

மனைவியிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன மூன்று கேள்வியையும் அப்படியே. முதலில் ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். மூத்தவளை அனுப்புவதாக நான் முடிவு செய்துவிட்டேன், தன்னால் முடியாது என்று நான் நினைப்பதால்தான் அனுப்புகிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நினைத்தேன். நாளை கிளினிக்குக்குப் போகும்போது தூக்கம் வராததைப் பற்றி அவளே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள், நானும் கூடப் போகிறேன்.

கம்பார் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். சனிக்கிழமை ராத்திரி ஈப்போ அமான்ஜெயா நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தேன். மூத்தவளையும் கூட்டிப் போனேன், நாங்கள் இருவர் மட்டும். வழியில் வாழைப்பழம், பந்திங் பிரதர், பாதி பாதி. ஃபோர்மேனிடமும் பேசினேன். ஒரு மாதம் பகல் ஷிப்டு மட்டும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கடிதமும் கொடுத்துவிட்டேன். பெயர்ப் பதிவுக்குப் புதன்கிழமை போகிறோம்.

மூத்தவள் இன்னும் ராத்திரி ஒரு தடவை எழுந்து வருகிறாள். இப்போதெல்லாம் நான் போகச் சொல்வதில்லை. சின்னவன் குடித்து முடித்ததும் நோட்டில் மணி எழுதும்போது, பக்கத்தில் ஒரு கோடு போடுவது அவள் வேலை. வலப்பக்கம் முழுக்க அவள் கோடுகள்.

மிஸ்ஸி, ஒரு சந்தேகம். பெட்டி வைத்திருந்த மர அலமாரியை மூன்று நாளாகத் திறந்து வைத்திருக்கிறேன், இரண்டு தடவை துடைத்தும் விட்டேன். உள்ளே தலையை விட்டால் இன்னும் அந்த வாசம் வருகிறது. கல்யாணத்துக்கு அத்தை வீட்டில் கொடுத்தது. என்ன செய்யலாம்?

---

பழைய மிஸ்ஸி:

வாசம் இருக்கும்வரை வீட்டுக்குள் வேண்டாம் தம்பி. பின்பக்கம் கூரைக்குக் கீழே, ஜன்னலுக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். வாசம் சுத்தமாகப் போனபின் உள்ளே கொண்டுவரலாம், ஆனால் பிள்ளைத் துணியை அதில் வைக்காதீர்கள். அத்தையிடம் நீங்களே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை வாங்கும்போது மூத்தவளுக்கும் ஒன்று எடுங்கள்.